கையுறையும் கஸ்தூரிரங்கனும்

எங்கள் செக்‌ஷனில் ஆளாளுக்குப் பிரமோஷன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, சுந்தரவல்லி மட்டும் தபால் வழியில் தத்துவம் எம்.ஏ. படித்தாள். "அதுக்கு இன்க்ரிமென்ட் தருவாங்களாடி?" என்று கேட்டேன். "தரமாட்டா. அதனால படிக்கப்படாதா?" என்றாள்.

வாயைத் திறந்தால் முந்நூறு வருடத்துக்கு முந்தைய வெள்ளைக்காரர்களின் சண்டைதான். பொருள் ஒன்றுமே இல்லாவிட்டாலும் இடம் என்று ஒன்று காலிப் பெட்டி மாதிரி இருக்கும் என்றாராம் ஓர் இங்கிலாந்துக்காரர். பெட்டியாவது மண்ணாவது, பொருள்கள் ஒன்றுக்கொன்று எப்படி அமைந்திருக்கின்றனவோ அதற்குப் பெயர்தான் இடம் என்றாராம் ஒரு ஜெர்மன்காரர். மொத்த உலகத்தையும் நாலடி தள்ளி வைத்தாலும் எதுவும் மாறாதாம். இவள் ஜெர்மன்காரர் கட்சி. டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இதையெல்லாம் கேட்க நான் என்ன பாவம் செய்தேனோ!

அவள் வீட்டுக்காரர் கஸ்தூரிரங்கனுக்குப் பார்வை போய் ஐந்து வருடம். வேலையும் அதோடு போயிற்று. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இரண்டாவது மாடி. கட்டிலிலிருந்து கதவு ஏழடி, திரும்பினால் சமையலறை நாலடி என்று வீடு முழுக்க அவருக்கு மனப்பாடம். இவள் ஆபீஸ் போனால் தானே டீ போட்டுக் குடிப்பார். படிக்கட்டுதான் எமன். தனியாகக் கீழே இறங்கியதே இல்லை. அதனால் தரைத்தள வீடு கேட்டு மனுப் போட்டாள். இரண்டு வருடம் கழித்து, 1998 டிசம்பரில், அதே படிக்கட்டின் கீழே எதிர்ப்பக்கத்து வீடு கிடைத்தது.

"எல்லாத்தையும் அதே தூரத்துல வெச்சுட்டா அதே இடம்தானே?" என்றாள். லீவு போட்டாள். டேப்பின் ஒரு முனையை நான் பிடிக்க, கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் அங்குலம் பிசகாமல் வைத்தாள். எதிரெதிர் வீடுகளைச் சர்க்கார் கண்ணாடியில் பார்த்த மாதிரிதான் கட்டும். மேலே வலப்பக்கம் இருந்த சமையலறை கீழே இடப்பக்கம். பார்த்தோம், ஆனால் உறைக்கவில்லை. தூரம் சரியாக இருக்கிறதே என்று இருந்துவிட்டோம். கண் இருக்கிறவர்களுக்கு எங்கே உறைக்கும்!

மறுநாள் காலை ஏழடி நடந்து, வழக்கம்போல வலப்பக்கம் திரும்பியவர் பீரோவில் மோதி நெற்றியைப் பெயர்த்துக்கொண்டார். இடப்பக்கம் திரும்புங்கோ என்று சொல்லிக் கொடுத்தாள். கால் கேட்டால்தானே! சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு தடவை இடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

சனிக்கிழமை நான் போனபோது, "என்னை ஸ்ரீரங்கத்துல தம்பிகிட்ட கொண்டு விட்டுடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்களை அனுப்பிட்டு நான் இங்க என்ன பண்றது? வேலையை விட்டுடறேன்" என்று அழுதாள் சுந்தரவல்லி.

திங்கட்கிழமை அவள் ஆபீஸுக்கு வந்தாக வேண்டும். வேலையை விட்டால் குவார்ட்டர்ஸ் போய்விடும். பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருடம் வேண்டும். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உன் ஜெர்மன்காரனைக் கூப்பிட்டுப் பீரோவை நகர்த்தச் சொல்லு!" என்று கத்திவிட்டேன்.

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. தபாலில் வந்த பாடக்கட்டை எடுத்துப் புரட்டினாள். பரீட்சைக்கு வராது என்று தாண்டிப்போன ஒரு பாடம் இருந்தது. அதில் பின்னால் வந்த வேறொரு ஜெர்மன்காரர் கேட்கிறார்: வலது கையுறையிலும் இடது கையுறையிலும் எல்லா அளவும் ஒன்றுதானே, பின் ஏன் ஒன்று மற்ற கைக்குப் பொருந்துவதில்லை? சத்தமாகப் படித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். முகம் செத்துவிட்டது.

"ஐயோ! மோசம் பண்ணிட்டேனே! தூரத்தைப் பார்த்தேன், பக்கத்தைப் பார்க்கலையே!"

நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "க்ளவுஸை மாத்த முடியாது, சரி. கையை மாத்தலாமோல்லியோ?"

மெல்ல எழுந்தார். அத்தனை வருடமும் வலது கையால் சுவரைத் தடவிக்கொண்டேதான் நடந்திருக்கிறார். இப்போது இடது கையைச் சுவரில் வைத்தார். கை போன பக்கம் கால் தானாகத் திரும்பிற்று. நாலடியில் சமையலறைக் கதவு.

"எந்தக் கைன்னு எனக்குத் தெரியாதே, ஏன்னா" என்றாள் சுந்தரவல்லி.

"நீ கேக்கலே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

ஞாயிறு முழுக்க நடந்து பழகினார். இரண்டு முறை மறந்து இடித்துக்கொண்டார்.

திங்கள் பதினொரு மணிக்கு ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். யாரும் எடுக்கவில்லை. ஹேண்ட்பேகை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான்தான் ரிசீவரைப் பிடுங்கி மூன்றாம் முறை போட்டு அவள் காதில் வைத்தேன்.

எடுத்தார். எனக்கே கேட்கிற அளவுக்கு எரிச்சலான குரல்.

"வாசல்ல வெய்யில்ல உக்காந்து பக்கத்து வீட்டுச் சர்தார்ஜியோட பட்டாணி உரிச்சிண்டிருக்கேன். சும்மா சும்மா போன் பண்ணாதேடி. வேலையா இருக்கேன்."

அவள் ரிசீவரை வைக்கவில்லை. "வேலையா இருக்காராம்டி" என்று என்னிடம் சொன்னாள். அத்தனை பேர் நடுவில், வாய்விட்டு அழுதாள்.