பனிக்கப்பல் பார்த்தவனின் இடது கால்

வலி முதலில் ஒரு மாடிப்படியில்தான் வந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் கேபிள் டிவி லைன்மேனாக இருந்தேன். ஒயர் இழுக்க நாளுக்கு இருபது மொட்டைமாடியாவது ஏறி இறங்குவேன். அன்று மூன்றாவது வீட்டிலேயே இடது கெண்டைக்காலை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல் இருந்தது. உட்கார்ந்தால் விட்டது. நடந்தால் மறுபடி பிடித்தது. வெயிலில் அலைவதால் என்று நினைத்து ஒரு பீடியைப் பற்றவைத்தேன். அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி.

கால்வலியோடு பீடியும் பிடிப்பவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் செய்த கொடுமைகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இரண்டு மாதம் கழித்து டாக்டரிடம் போனேன். பாதத்தில் நாடி பிடித்துப் பார்த்தார். கிடைக்கவில்லை. பர்ஜர் நோய் (புகையால் கைகால்களின் சிறிய இரத்தக் குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்வது) என்றார்.

“இன்னிக்கே பீடிய விட்டீங்கன்னா கால் இருக்கும். மாத்திரை அப்புறம்தான்.”

நான் மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு இங்கிலீஷ் சேனலில் ஒரு தொடர் ஓடியது. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் துருவக் கடலில் பனி இறுகிச் சிக்கிக்கொண்ட ஒரு கப்பலின் கதை. எனக்குப் பேச்சு பாதிதான் புரியும். ஆனால் பசியில் தோல் பெல்ட்டை வேகவைத்துத் தின்பதும், ஒரு ரொட்டிக்காக ஒருவன் இன்னொருவன் மண்டையை உடைப்பதும் புரிய இங்கிலீஷ் தேவையில்லை. ஒரு வாரம்கூட விட்டதில்லை. எங்கள் லைனில் அதைப் பார்த்தது நானும், ஏனாத்தூர் காலேஜில் இங்கிலீஷ் பாடம் எடுக்கும் ராகவன் சாரும்தான். புரியாததை அவரிடம் கேட்டுக்கொள்வேன். அந்தச் சேனலை எடுத்துவிட்டு சினிமா சேனல் போடச் சொல்லி ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். அவர் கையை முறுக்கிக் கீழே தள்ளினேன். சேனல் தப்பித்தது.

காலில் வலி இப்போது படுத்திருந்தாலும் வந்தது. கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டால் கொஞ்சம் அடங்கும். சுண்டுவிரல் நீலமானது, பிறகு கறுத்தது. டாக்டர் அதை கேங்க்ரீன் (இரத்தம் போகாமல் சதை செத்துப்போவது) என்றார். அட்மிட் ஆகச் சொன்னார். தொடர் முடியட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இன்று எழுதும்போது கை கூசுகிறது.

கூரம் கிராமத்தில் பிறந்த என் மனைவி தேவகி ஒருநாள் பீடிக்கட்டு அத்தனையையும் சாக்கடையில் கொட்டினாள். என் கையில் ஒரு சுருள் ஒயர் இருந்தது. அதாலேயே அடித்தேன். தடுத்த முழங்கையில் தோல் கிழிந்தது. அவள் நகரவில்லை. நான் களைக்கும்வரை அடித்தேன்.

அடுத்த ஞாயிறு, தொடரில் ஒரு மாலுமி தன் கறுத்த கால்விரல்களைத் தானே வெட்டி எறிந்தான். வாயில் தோல் வாரைக் கடித்துக்கொண்டு வெட்டினான். பிறகு எழுந்து சறுக்குவண்டியை இழுத்தான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மறுநாள் தேவகி தையல் கடைக்கு வேலைக்குப் போனதும், ஒயர் வெட்டும் கட்டிங் பிளேயரை எடுத்தேன். விவரமாக எழுதமாட்டேன். விரல் செத்திருந்தது. அதைச் சுற்றியிருந்த சதை சாகவில்லை. துண்டைக் கடித்தபடி தரையில் புரண்டேன். சுவரில் என் தலையை நானே மோதிக்கொண்டேன். மாலுமியைப்போல் எழுந்து நிற்க முடியவில்லை.

காலில் ஏணி விழுந்துவிட்டது என்று தேவகியிடம் சொன்னேன். சுற்றியிருந்த துணிக்கட்டைப் பிரிக்க விடவில்லை. வியாழக்கிழமை காய்ச்சல் வந்தது. ஞாயிறு தொடர் ஓடியபோது எனக்கு நினைவே சரியாக இல்லை.

மதியம் ராகவன் சார் வந்தார்.

“என்னப்பா, இன்னிக்குப் பாக்கலையா? விரல வெட்டிண்டானே, அவன் போயிட்டான். கால் முழுக்க அழுகி, கதறிண்டே…”

பாதியில் நிறுத்தினார். அறையில் நாற்றம் அப்படி. என் கட்டைப் பார்த்தார். பிறகு தேவகியைப் பார்த்தார். அவள் உட்கார்ந்து துணியைப் பிரித்தாள்.

“எப்ப வெட்டுன?”

“திங்கக்கெழம.”

“கூரத்துல எங்கப்பா மாட்டுக்குக்கூட இப்டி பண்ண மாட்டாரு,” என்றாள். குரல் உயரவில்லை.

ராகவன் சார் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். பெரியாஸ்பத்திரியில் சர்ஜன் பார்த்த உடனே சொன்னார்: “அன்னிக்கே வந்திருந்தா விரலோட போயிருக்கும். இப்ப முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். இல்லன்னா உயிருக்கு ஆபத்து.”

நான் சம்மதிக்கவில்லை. கால் இல்லாத லைன்மேனை எவன் வைத்துக்கொள்வான்? குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்தேன். வார்டு ஊழியர் ஒருவரை நல்ல காலால் மார்பில் உதைத்தேன். நாலு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். ஒருவர் கையைக் கடித்தேன். தேவகி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அருகில் வந்து, “கையெழுத்து நான் போட்டுட்டேன். கத்திக்கினு இரு,” என்றாள்.

ஸ்பைனல் ஊசி (முதுகில் போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்வது) போட்டார்கள். வலி இல்லை. ரம்பத்தின் சத்தம் மட்டும் கேட்டது. அதன் அதிர்வு இடுப்பெலும்பு வழியாகப் பல்வரை வந்தது. பிறகு, வெட்டிய காலின் கனம் அது வாளியில் விழுந்த சத்தத்தில் தெரிந்தது.

நாலாம் நாள் தேவகியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் முழங்கைக் காயம் அப்போதும் ஆறாமல்தான் இருந்தது.

“காலு போச்சேன்னு அழுதேன். நீ அடிச்சத மன்னிக்கணும்னா அது என்னால ஆவாது. இன்னொரு தபா கை ஓங்குனா, கூரத்துக்குப் போய்டுவேன். ஒத்தக்கால்ல தேடிக்கினு வராத.”

சரி என்றேன். அதற்கப்புறம் பீடியைத் தொடவில்லை. அவளையும் அடிக்கவில்லை. அவள் மன்னித்ததாகவும் சொல்லவில்லை.

கேபிள் முதலாளி என்னைக் கன்ட்ரோல் ரூமில் உட்காரவைத்தார். தொடர் மறுபடி ஒளிபரப்பானபோது ராகவன் சாரோடு முழுவதும் பார்த்தேன். அந்த மாலுமி செத்ததையும் பார்த்தேன். கதையில் எல்லாமே தெளிவாக இருந்தது. ஒரு வாரம் பொறுக்காமல் அவனைப் பின்பற்றியது நான்தான். இப்போதும் எனக்கு அதைவிடப் பிடித்த தொடர் கிடையாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் வலது பாதத்தில் நாடி பார்க்கிறார். அவர் விரல் தேடும் அந்த நேரம் முழுக்க நான் மூச்சு விடுவதில்லை. நாடி கிடைத்தால் எனக்கு அடுத்த ஆறு மாதம் கிடைத்துவிட்டது. அதற்கு மேல் யோசிப்பதில்லை.

இல்லாத இடது கால் இருக்கிறது. அரிக்கும், குளிரும், சில நாள் சுண்டுவிரல் மட்டும் எரியும். ஃபேன்டம் உணர்வு (எடுத்துவிட்ட உறுப்பு இன்னும் இருப்பதாக மூளை நம்புவது) என்கிறார்கள்.

போன வாரம் மதியம் செயற்கைக் காலைக் கழற்றிவிட்டுப் பாயில் படுத்திருந்தேன். தேவகி தண்ணீர்க் குடத்தோடு வேகமாக உள்ளே வந்தாள்.

“கால மடக்கு, மிதிச்சிடப் போறேன்.”

அவள் பார்த்தது இடது பக்கத்து வெறும் பாயை. சொன்ன பிறகு அவளுக்கும் தெரிந்துவிட்டது. குடத்தோடு அப்படியே நின்றாள்.

நான் மடக்கினேன். மடங்கியது எனக்குத் தெரிந்தது. அவள் அந்த இடத்தைத் தாண்டி உள்ளே போனாள்.