முட்டை அறையில் எடுத்த வீடியோ

மாரடைப்பு மாதிரி என்கிறார்கள், ஆனால் ரத்தக் குழாயில் அடைப்பே இல்லை என்கிறார்கள். எந்த மடையன் நம்புவான்? நான் நம்பவில்லை. சேலத்தில் என் மனைவியைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டியபோது, படத்தைவிட அவர் முகத்தைத்தான் உற்றுப் பார்த்தேன். வேறு யாருடைய படத்தையாவது காட்டுகிறாரோ என்று யோசனை ஓடியது.

"இதயத்தோட கீழ்ப்பாகம் திடீர்னு பலமிழந்து உப்பியிருக்கு. பெரிய அதிர்ச்சியில இப்படி ஆகலாம். பெரும்பாலும் சரியாயிடும். ஆனா இந்த ரெண்டு மூணு நாள் ஆபத்துதான். அம்மாவுக்கு அதிர்ச்சியா ஏதாவது நடந்துச்சா?"

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். பக்கத்தில் நின்ற மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். துபாயில் வேலை பார்க்கும் மகள், இரண்டு வருடம் கழித்து லீவில் வருவதை அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றாள். திடீரென்று வந்து நிற்க வேண்டுமாம், அம்மாவின் முகத்தை நான் வீடியோ எடுக்க வேண்டுமாம். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரு வாரமாக மகள் கூப்பிட்டால் தீவன குடோனுக்குப் பின்னால் போய்ப் பேசினேன். மனைவி வந்தால் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். "ஏனுங்க, புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருச்சுங்களா? எங்கிட்ட எதையோ மறைக்கறீங்க" என்று இரண்டு தடவை கேட்டாள். "உனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்" என்று வாயை அடைத்தேன்.

எங்களுக்கு நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணை. மகள் காரை விட்டு இறங்கியதும் கொட்டகை வழியாக நடக்கப் பார்த்தாள். "அந்தப் பக்கம் போகாத சாமி, கோழி மிரண்டுக்கும்" என்று தடுத்தேன். கொட்டகைக்குள் போகிற யாரும் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போவோம். இல்லாவிட்டால் அத்தனை கோழியும் ஒரே நேரத்தில் கூண்டில் அடித்துக்கொள்ளும், முட்டை குறைந்துவிடும். அதனால் அவளைச் சுற்றுவழியில், சத்தமில்லாமல் முட்டை அறைக்குக் கூட்டிப்போனேன்.

மனைவி முதுகைக் காட்டி உட்கார்ந்து விரிசல் விட்ட முட்டைகளைத் தனியாக எடுத்துக்கொண்டிருந்தாள். மகள் பின்னாலிருந்து அவள் கண்ணைப் பொத்தினாள். நான் போனில் படம் பிடித்தேன். மனைவி திரும்பிப் பார்த்தாள், எழுந்தாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்.

பெற்ற பிள்ளையைப் பார்த்த சந்தோஷத்தில் யாருக்காவது இதயம் கெடுமா? இதைப் பிடித்துக்கொண்டுதான் டாக்டரிடம் பொய் சொன்னேன். காலையில் தின்ற வடை, முந்தின வாரம் மாற்றிய எண்ணெய், ஆஸ்பத்திரி மிஷின் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். மறுநாள் படங்களை எடுத்துக்கொண்டு நாமக்கல்லில் தெரிந்த டாக்டரிடம் போனேன். அவரும் "அதிர்ச்சி ஏதாவது?" என்றே கேட்டார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்றுகூட நினைத்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். மகளைப் பார்த்த அந்த நொடியில் மனைவி முகத்தில் சந்தோஷமே இல்லை. பயம்தான் இருந்தது. "என்ன சாமி ஆச்சு? எதுக்குச் சொல்லாம வந்தே?" என்கிறாள். ஒரு வாரமாக நான் மறைத்த கெட்ட செய்தி நேரிலேயே வந்து நிற்கிறது என்று நினைத்திருக்கிறாள். அவள் குரலை அமுக்கிக்கொண்டு நான் சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் டாக்டர் கையில் போனைக் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மூன்றாம் நாள் மனைவி எழுந்து உட்கார்ந்து மகள் ஊட்டிய இட்லியைச் சாப்பிட்டாள். "தப்புப் பண்ணிட்டேன் அம்மணி" என்றேன்.

"கோழிக்குச் சத்தங் குடுத்துட்டுத்தானுங்களே உள்ள போவீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

நான் வராந்தாவுக்கு வந்து அழுதேன்.

அவள் இதயம் பழையபடி ஆகிவிட்டது என்று பிறகு மறுபடி படம் எடுத்துச் சொன்னார்கள். அதையும் இரண்டு இடத்தில் கேட்டுத்தான் நம்பினேன். இப்போது சமையலறைக்குள் போகுமுன் வாசலில் நின்று செருமுகிறேன். அவள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்க்கிறாள்.

"இப்ப எதை மறைக்கறீங்க?"

ஒன்றுமில்லை என்கிறேன். அவள் நம்புவதில்லை. போனைத் திறந்து அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் காப்பி கேட்கிறேன்.