மதினி வைத்த கைநாட்டு

நான் திருநெல்வேலிக்காரி. ஓசூரில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. கட்டிக்கொண்டது அஞ்செட்டிப் பக்கத்துக்காரரை. அவருடைய அக்காவை எங்கள் ஊர் வழக்கப்படி மதினி என்றுதான் கூப்பிடுவேன். அந்த வார்த்தையைக் கேட்டாலே மதினிக்குச் சிரிப்பு வந்துவிடும். அவருக்குக் காட்டுக்குள் மாட்டுப்பட்டி இருந்தது. மாடுகள் கர்நாடகத்துச் சந்தையில் வாங்கியவை என்பதால் அவற்றைக் கன்னடத்தில்தான் திட்டுவார். என்னைத் தமிழில்.

வன உரிமைச் சட்டம் புதிதாக வந்திருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மாநிலத்துக் காட்டோர ஜனங்களையும் கூட்டி ஒரு தொண்டு நிறுவனம் கூட்டம் போட்டது. மதினியோடு நானும் போயிருந்தேன். யானைக்கு எல்லைக்கோடு தெரியாது, இரண்டு பக்கத்துக் காட்டையும் ஒரே வழித்தடமாகக் காக்க வேண்டும், பல நாடுகள் சேர்ந்து போட்ட ஒப்பந்தங்களே அப்படிச் சொல்கின்றன என்று பேசினார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மதியம் சாம்பார் சாதம் போட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் ஒரு தாள் வந்தது. சோறு போட்டவர்கள் நீட்டும் தாளில் கைநாட்டு வைக்காமல் எழுந்து போவது அந்தப் பக்கத்தில் மரியாதை இல்லை. வருகைப் பதிவு என்று நினைத்துப் பெயர்களை நான்தான் எழுதினேன். மதினியின் பெருவிரலைப் பிடித்து மையில் அமுக்கிப் பதித்ததும் நானேதான்.

வீட்டுக்கு வந்து, அவர்கள் கொடுத்திருந்த நகலைப் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. காட்டுக்குள் இருக்கும் பட்டிகளைக் காலி செய்யச் சம்மதிக்கிறோம் என்றிருந்தது. போல்ட்டில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் கண்டுபிடிக்கிறவள், இதைப் படிக்காமல் விட்டிருக்கிறேன். பட்டி போனால் மாடு போயிற்று. மாடு போனால் மதினிக்குப் பிழைப்பே இல்லை. மதினியிடம் அழுதுகொண்டேதான் சொன்னேன்.

"அழுவாத. அதுல இன்னும் என்னா எழுதியிருக்குது? மொத்தமும் படி."

பின்பக்கத்தில் அந்த ஒப்பந்தங்களின் சாரம் இருந்தது. காட்டைக் காக்கும்போது அங்கே வாழ்கிறவர்களின் உரிமையையும் காக்க வேண்டும். முன்கூட்டியே விவரம் சொல்லி, கட்டாயப்படுத்தாமல்தான் சம்மதம் வாங்க வேண்டும். மதினி அதை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மதினியோடு அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி, "யாரும்மா உங்களுக்கு மை தடவி விட்டது? அவங்க படிச்சுச் சொல்லலையா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மதினி முந்திக்கொண்டார்.

"வெரலு என்னுது. யாருன்னு எதுக்கு? வெவரம் தெரியாம வெச்சது செல்லுமா, ஒங்க பேப்பர்லயே பாத்துச் சொல்லுங்க."

அவர் தாளைத் திருப்பிப் படித்தார். பிறகு பேனாவை எடுத்துச் சம்மத வரியை அடித்தார்.

"அப்போ யானைக்கு வழி?"

"அது வர்ற வழி எனக்குத் தெரியாதா? பட்டிய ஓடைக்கு இந்தாண்ட மாத்திக்கிறேன். மேய்ச்சல வுட மாட்டேன். கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். மத்தவங்களையும் ஒவ்வொருத்தராக் கேளுங்க."

அதை எழுத அவர் புதுத் தாள் எடுத்தார். மதினி அதை அவர் கையிலிருந்து வாங்கி என் முன்னால் வைத்தார்.

"இவ எழுதட்டும். இவ எழுதினாத்தான் நான் வெரலு வெப்பேன்."