வளரும் மாஸ்டரும் கார்பன் குழாயும்

என் அக்காவின் கணவர் சலூன் வைத்திருக்கிறார். ஊரில் அவருக்கு 'வளரும் மாஸ்டர்' என்று பெயர். கிருதா ஒரு பக்கம் ஏறிப் போனாலும், பின்கழுத்தில் பள்ளம் விழுந்தாலும், வந்தவர் கண்ணாடியைப் பார்த்துப் பேயறைந்தது போல் நின்றாலும், மாமா அவர் தோளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஒரே வார்த்தைதான் சொல்வார்: "வளரும்." மன்னிப்பு என்ற பேச்சே அந்தக் கடையில் கிடையாது.

அதற்காக அவரை மட்டமான தொழிலாளி என்று நினைத்துவிடாதீர்கள். கை நல்ல கைதான். கண்தான் பொல்லாதது. மயிரிழை வித்தியாசம் தெரிந்தாலும் மனுஷனுக்கு இருப்புக்கொள்ளாது. இடது கிருதாவை வலதுக்குச் சரியாக்குவார். உடனே வலது நீளமாகத் தெரியும். குரங்கு பங்கு போட்ட கதைதான், கடைசியில் இரண்டுமே காதுக்கு மேலே போய் ஒளிந்துகொள்ளும்.

கல்யாணமான புதிதில் என் அக்கா, "நுனியை மட்டும் சரி பண்ணி விடுங்க" என்று இடுப்பு வரை இருந்த கூந்தலை அவரை நம்பிக் கொடுத்தாள். நாற்காலியை விட்டு எழுந்தபோது அது தோளில் நின்றது. அவளுக்கும் அதே "வளரும்"தான். அக்கா வெட்டிய கூந்தலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவள் எதையும் மறக்க மாட்டாள், என்றைக்காவது கணக்கைத் தீர்த்தே விடுவாள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாமா புது மாப்பிள்ளை, அவருக்கு அது தெரியாது.

மாமாவுக்கு இருக்கிற ஒரே சுகம் சைக்கிள். விடிந்ததும் ஒரு சுற்றுப் போய் வந்தால்தான் கடைக் கதவைத் திறக்கவே கை வரும். ஆனால் நாளெல்லாம் அடுத்தவர் தலைமேல் குனிந்து நின்றதில் கழுத்தும் முதுகும் கெட்டுப்போயின. "இனிமே குனிஞ்சு ஓட்டாதீங்க. ஹேண்டில்பாரை உயர்த்த முடிஞ்சா ஓட்டுங்க, இல்லேன்னா சைக்கிளையே மறந்துடுங்க" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கைப் புதிதாக, கார்பன் நாரில் செய்ததாக, எங்கிருந்தோ வரவழைத்தார். அதன் மண்டையிலிருந்து நீளமான குழாய் ஒன்று மேலே கிளம்பும். வேண்டிய உயரத்துக்கு அதில் வளையங்களைக் கோத்து, மேலே ஹேண்டில்பாரை உட்கார வைத்து, மிச்சக் குழாயை வெட்டிவிட வேண்டும். வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான், ஆனால் வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

"சைக்கிள் கடையில குடுத்துடலாமே மாமா?" என்றேன்.

"ஏன்டா, இத்தனை வருஷமா நான் என்ன பண்ணிட்டிருக்கேன்? வெட்டறதுதானே!"

கடைக்கு லீவு விட்ட நாளில், வீட்டின் பின்பக்கம் ஒரு பழைய மேசையில் ஃபோர்க்கைக் கிளாம்ப் போட்டு நிறுத்தினார். பழக்கதோஷம், அதன் கழுத்தில் சலூன் துணியையும் சுற்றிவிட்டார். அளந்து, கோடு போட்டு, நார் பிரியாமலிருக்க டேப் ஒட்டினார். இரண்டு பேரும் முகமூடி போட்டுக்கொண்டோம். கார்பன் தூள் மூச்சில் ஏறக் கூடாதாம். அதனால் தலைக்குத் தண்ணீர் அடிக்கிற ஸ்பிரே பாட்டிலை என்னிடம் கொடுத்து, அடித்துக்கொண்டே இருக்கச் சொன்னார்.

"தலையைக் கொஞ்சம் நேரா வைங்க" என்று ஃபோர்க்கிடம் சொல்லிவிட்டு, ரம்பத்தை வைத்தார்.

பொடிப்பல் ரம்பம் சீராக ஓடியது. கருப்புச் சேறு வழிந்தது. துண்டு கையோடு வந்தது. அளவு கச்சிதம். அதோடு அவர் நிறுத்தியிருந்தால் எனக்கு இதை எழுதும் வேலை இருந்திருக்காது.

மாமா ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். என் கிருதாவே அதற்குப் பலியாகியிருக்கிறது.

"இந்தப் பக்கம் ஒரு துளி உயரமா இல்ல?"

"மேல மூடி வந்துடும் மாமா, யாருக்கும் தெரியாது. வேணும்னா உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சிடலாம்."

"எனக்குத் தெரியுமேடா!"

விளிம்பில் ரம்பம் நிற்காது, வழுக்கும். ஆகவே ஒரு விரல் கீழே இறங்கி டேப் ஒட்டி அறுத்தார். இப்போது அந்தப் பக்கம் உயரம். இன்னொரு விரல் இறங்கினார். நான் வாயால் தடுத்தேன், கையால் தண்ணீர் அடித்தேன். மூன்றாவது வெட்டு கண்ணாடி மாதிரி சமமாக வந்தது. மாமாவுக்கு வாயெல்லாம் பல்.

பிறகு வளையங்களை எடுத்தார். ஒன்றுக்குக்கூட இடமில்லை.

எல்லாவற்றையும் மாட்டி முடித்ததும் ஹேண்டில்பார் பாதாளத்தில் கிடந்தது. ஏறி உட்கார்ந்து குனிந்தவர், "அம்மா" என்று முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வெட்டிய துண்டுகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். கண் கலங்கிவிட்டது. அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த எனக்கே பாவமாகப் போயிற்று.

அக்கா வெளியே வந்தாள். துண்டுகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சீட்டை இறக்கினாள், ஏறினாள், தெருவைச் சுற்றப் போய்விட்டாள். அவள் ஆளும் குட்டை, முதுகும் வில்லாக வளையும். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"எனக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்குங்க."

"அப்ப எனக்கு?" என்றார் மாமா, குழந்தை மாதிரி.

அக்கா உள்ளே போய் அவருடைய பிரஷ்ஷையே எடுத்து வந்தாள். அவர் தோளை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"வளரும்" என்றாள்.

அடுத்த ஃபோர்க்குக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். ரம்பத்தை அக்கா எங்கே ஒளித்திருக்கிறாள் என்பது எனக்கே தெரியாது. அதுவரை காலையில் மாமாவுக்கு நடைதான். அக்கா பின்னாலிருந்து பெல் அடித்துக்கொண்டு வந்து, அவரைத் தாண்டும்போது, "என்னங்க, வளர்ந்துச்சா?" என்பாள்.

"இன்னும் இல்லடி!" என்று மாமா தெருவே கேட்கிற மாதிரி கத்துவார்.