அக்காவை மொழிபெயர்த்த நாள்

மருத்துவ பீடத்தில் எனக்கு முதலில் பிடித்த பாடம், உடம்பின் நோயெதிர்ப்பைப் பற்றிய நிர்ப்பீடனவியல்தான். உயர்தர வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டுப் புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து பேராதனைக்கு வந்தவள் நான். முதல் வருடம் முழுக்க ஆங்கிலத்தில் எலும்புகளின் பெயர்களைப் பாடமாக்கியே களைத்துப்போயிருந்தேன். நிர்ப்பீடனவியலில் பெயர்களுக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. வெளியிலிருந்து வருவது எது, நம்முடையது எது என்று உடம்பு எப்படித் தெரிந்துகொள்கிறது என்ற கதை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் அறைத்தோழிக்கு அந்தப் பாடம் சுத்தமாக ஏறவில்லை. நான்தான் அவளுக்குப் படம் வரைந்து சொல்லிக்கொடுப்பேன். "நீ சொன்னா விளங்குது. லெக்சரர்மார் சொன்னாத்தான் விளங்குதில்லை" என்பாள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது.

ஒருநாள் விரிவுரையில், உடம்பு தன்னையே தாக்கும் நோய்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தவர் திரையில் ஒரு பெண்ணின் முகத்தைக் காட்டினார். இரண்டு கன்னங்களிலும் மூக்குத் தண்டிலும் சிவப்பாகப் படர்ந்த தடிப்பு. கண்களை மறைத்துக் கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள். எனக்கு அந்த முகத்தை யாரென்று தெரியாது. அந்தச் சிவப்பைத் தெரியும். முந்தைய விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தபோது அக்காவின் முகத்தில் அது இருந்தது. வெயில் பட்டதுதான் என்று சொல்லி, கம்பளையில் ஒரு கிறீம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தவள் நான்.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். எங்கள் தோட்டத்துப் பாலர் பாடசாலையில் டீச்சர். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை, அம்மா மலைக்குக் கொழுந்து எடுக்கப் போய்விடுவார். என்னைப் பள்ளிக்கூடத்துக்குத் தலைசீவி அனுப்பியதிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பெட்டி கட்டியது வரை அவள்தான். விரிவுரை முடிந்ததும் அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். மூட்டு வலிக்கிறதா என்று கேட்டேன். தலைமுடி கொட்டுகிறதா என்று கேட்டேன். "ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

இரத்தப் பரிசோதனையில் அதுதான் என்று வந்தது. மாதத்துக்கு ஒருமுறை கிளினிக். தினமும் ஸ்டீராய்ட் மாத்திரை. சில வாரங்களில் தடிப்பு மறைந்தது, மூட்டுவலி குறைந்தது. ஆனால் முகம் உப்பி வட்டமாகிவிட்டது. பாலர் பாடசாலைப் பிள்ளைகள், டீச்சர் குண்டாகிவிட்டார் என்று சிரிப்பதாகச் சொல்லி அவளும் சிரித்தாள்.

அம்மா என்னிடம் அது என்ன வருத்தம் என்று கேட்டார். உடம்பில் கிருமியோடு சண்டை போடுகிற ஒன்று இருக்கிறது, அது ஆள் தெரியாமல் அக்காவோடேயே சண்டை போடுகிறது என்றேன்.

"ஏன் அப்பிடிப் பண்ணுது?"

"தெரியலம்மா."

"ஒங்க புத்தகத்துல போடலியா?"

போட்டிருக்கவில்லை. எப்படி என்று நாற்பது பக்கம் இருந்தது. ஏன் என்று ஒரு பந்திதான், அதுவும் 'இருக்கலாம்', 'கருதப்படுகிறது' என்றே போனது.

அந்த வருடக் கடைசியில் வத்தேகமயிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை நகரசபையில் கிளார்க். நான் பரீட்சைக்காக நூலகத்தில் இருந்தபோது அக்கா தொலைபேசி எடுத்தாள். வெளியே படிக்கட்டில் நின்று பேசினேன்.

"பாப்பா, பத்து நாள்ல பொண்ணு பாக்க வர்றாங்க. போட்டோவுல பழைய மூஞ்சி. இப்ப இதப் பாத்தா என்ன நெனைப்பாங்க? மாத்திரைய கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுனா வத்திருமா?"

"கிளினிக்ல கேளேன்."

"அவங்க ஏசுவாங்க. நீ படிக்கிறதுதானே, நீ சொல்லு."

நான் படித்தது நோயை. மருந்தை அப்போது படித்திருக்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் டாக்டரை விட்டுவிட்டு என்னிடம் கேட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. உள்ளே புத்தகம் திறந்து கிடந்தது. அவசரமும் இருந்தது.

"கொஞ்ச நாள்தானே. ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அவர்கள் வந்தார்கள். பலகாரம் சாப்பிட்டார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். பதில் வரவில்லை. திரும்ப ஒருமுறை வந்தாலும் வருவார்கள் என்று அக்கா மாத்திரையைத் தொடாமலே இருந்தாள். இரண்டு கிளினிக் நாட்களையும் விட்டுவிட்டாள். பத்து நாள் இரண்டு மாதமானது. இது எனக்குத் தெரியாது. பரீட்சையில் நிர்ப்பீடனவியலுக்கு எனக்கு நல்ல புள்ளி வந்தது. அதைச் சொல்லத் தொலைபேசி எடுத்தபோது, கால் வீங்கிச் செருப்புப் போட முடியவில்லை என்றாள்.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. நாங்கள் வார்டுகளில் பயிற்சி தொடங்கியிருந்த ஆஸ்பத்திரியிலேயே அவளைச் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் காலை, எங்கள் குழுவில் எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு பேராசிரியை அந்த வார்டுக்குள் வந்தார். கட்டில் கட்டிலாக வந்து அக்காவிடம் நின்றோம். நான் கடைசி வரிசையில் இருந்தேன். அறைத்தோழி என் கையைப் பிடித்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு முன்பின் தெரியாதவளைப் போலப் பேராசிரியையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்காவுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. பேராசிரியை நல்ல மனுஷி, நோயாளி தன் மொழியில் பேச வேண்டும் என்று நினைப்பவர். தமிழ் பேசுகிறவர் யார் என்று கேட்டார். எல்லோரும் அறைத்தோழியையும் என்னையும் பார்த்தார்கள்; பேராசிரியை என்னைக் கைகாட்டினார். அது என் அக்கா என்று சொல்ல அந்த இடத்தில் எனக்கு வாய் வரவில்லை. முன்னால் போய் நின்றேன்.

"கால் வீக்கம் எப்பயிருந்து?" என்று கேட்டேன்.

"ஒரு மாசமா இருக்குங்க" என்றாள் அக்கா. என்னைப் பார்த்து, 'ங்க' போட்டு.

ஆங்கிலத்தில் சொன்னேன். மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று பேராசிரியை கேட்கச் சொன்னார்.

"இல்லங்க. நிப்பாட்டிட்டேன்."

யாராவது நிறுத்தச் சொன்னார்களா என்று கேளுங்கள் என்றார். நாட்டு வைத்தியர் யாராவது சொல்லியிருப்பார் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அந்தக் கேள்வியை நான் தமிழில் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இப்போது நினைவில்லை.

"யாரும் சொல்லலங்க. நானாத்தான் நிப்பாட்டினேன்."

அதை மொழிபெயர்த்தேன். பேராசிரியை தலையாட்டிவிட்டு, மருந்தை நிறுத்தியதும் உடம்புக்குள் என்ன நடந்திருக்கும் என்று என்னிடமே கேட்டார். நான் சொன்னேன். கிருமியோடு சண்டை போட வேண்டிய பிறபொருளெதிரிகள் எப்படிச் சேர்ந்து சிறுநீரகத்தில் படிகின்றன, அங்கே என்னென்ன வந்து கூடுகின்றன, வடிகட்டி எப்படி அழிகிறது. ஒன்றையும் விடவில்லை. "வெரி குட்" என்றார். பிறகு, இந்த நோயாளி குணமாவார் என்று அதிகம் எதிர்பார்க்க முடியாது என்று ஆங்கிலத்தில் எங்களுக்குச் சொன்னார். அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் அறைத்தோழி, "ஏன் நீ சொல்லேல்ல?" என்று கேட்டாள். அவள் கேட்டது அக்கா என்பதைப் பற்றி. மற்றது அவளுக்குத் தெரியாது.

மதியம் பார்வையாளர் நேரத்தில் கோட்டைக் கழற்றிவிட்டுச் சோறு கொண்டுபோனேன்.

"ஏன்க்கா அப்பிடிச் சொன்ன?"

"வேற என்ன சொல்றது, ஒன் டீச்சர் முன்னால?" என்றாள். பிறகு, "தலையக்கூட ஒழுங்காச் சீவலியா பாப்பா? நோயாளிங்க பாத்தா பயந்துருவாங்க" என்றாள்.

அவளுக்குச் சோறு நான்கு வாய்கூட இறங்கவில்லை.

வலுவான மருந்துகள் ஏற்றினார்கள். அந்தச் சண்டையை அடக்குவதற்கான மருந்து மற்ற எல்லாச் சண்டையையும் சேர்த்து அடக்கிவிடும். அதுவும் நான் படித்ததுதான். நான்காவது வாரம் சளி பிடித்தது, நுரையீரலுக்கு இறங்கியது. ஆறு நாள் கழித்து ஒரு பகல் பதினொரு மணிக்கு அக்கா போய்விட்டாள். அம்மா அப்போது பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்.

நான் படிப்பை விடவில்லை. விட வேண்டும் என்று நினைத்த நாட்களில்கூட மறுநாள் காலை எழும்பிப் போனேன். பேராசிரியையின் அறைக்கு முன்னால் இரண்டு முறை போய் நின்று திரும்பி வந்திருக்கிறேன். சொல்லி என்ன ஆகும் என்றும் தெரியவில்லை.

வீட்டில் அம்மா இன்றைக்கும் அக்காவை ஏசுவார். சோறு போடும்போது, துணி மடிக்கும்போது, திடீரென்று ஆரம்பிப்பார். "யாரையும் ஒரு வார்த்த கேக்காம நிப்பாட்டினாளே பாவி. வீட்டுல ஒரு டாக்டருக்குப் படிக்கிற புள்ள இருந்துச்சே, ஒன்னையாவது கேட்டிருக்கலாமே."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன்.