தையல்காரம்மா பம்பு மாட்டிய கதை

தையல்காரம்மா தன் வீட்டு மீன் தொட்டியைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே தொட்டியின் முன்னால் போய் நிற்பார். கடல் மீன்களும் பவளமும் வாழும் பெரிய கண்ணாடித் தொட்டி அது. உப்பு கரைத்து, சூடு பார்த்து, கைக்குழந்தையைப் போல வளர்த்தார். "எனக்குக் காய்ச்சல்னா ஒரு மாத்திரை. மீனுக்குன்னா வேலைக்கே லீவு" என்று அளவு கொடுக்க வரும் பெண்களிடம் அவள் சொல்லிச் சிரிப்பாள்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. கால் ஓரளவு தேறியது. பேச்சுதான் தடம் புரண்டது. மனதில் இருப்பது ஒன்று, வாயில் வருவது வேறு. தண்ணீர் கேட்க நினைத்து "சாவி" என்பார். தப்பு என்று அவருக்கே தெரியும். திருத்தப் பார்ப்பார், இன்னொரு தப்பான சொல் வரும். கொஞ்ச நாளில் பேசுவதையே விட்டுவிட்டார். யார் எது கேட்டாலும் தலையாட்டினார்.

தொட்டியை அவர் தம்பிதான் அவ்வப்போது வந்து பார்த்துக்கொண்டார். அவருக்கும் குடும்பம், வேலை என்று ஆயிரம் இருந்தது. "அண்ணி, எனக்குத் தெரிஞ்ச ஓட்டல்காரர் ஒருத்தர் மீனோட தொட்டியையும் எடுத்துக்கறேங்கறார். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். அவளுக்கும் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவள் மெஷினில் உட்கார்ந்திருந்தபோது காலடியில் ஈரம் பட்டது. தைக்க வைத்திருந்த துணிமூட்டையின் அடி நனைந்திருந்தது. தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரியைத் திறந்தாள். அங்கே இன்னொரு சிறிய தொட்டி உண்டு. சம்ப் என்பார் கணவர். மேல் தொட்டியின் தண்ணீர் அதில் வடிந்து, சுத்தமாகி, பம்பு வழியாக மறுபடி மேலே போகும். இப்போது பம்பு ஓடவில்லை. மேலே இருந்த தண்ணீர் கீழே இறங்கி, சம்ப் வழிந்துகொண்டிருந்தது. மீன்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டு, வாளியில் தண்ணீரை மொண்டாள். கொழுந்தனுக்கு போன் போட்டாள். அவர் வெளியூரில் இருந்தார். வளர்ப்பு மீன் கடைக்காரரைக் கூப்பிட்டாள்.

"புது பம்பு கொடுத்தனுப்பறேன்க்கா. மாட்ட ஆள் நாளைக்குத்தான் வரும்."

"நாளை வரைக்கும் மீனு தாங்குமா?"

"பெரிய மீனு தாங்காதுக்கா. நீங்களே மாட்டிடுங்க, பெரிய வித்தை இல்ல."

பம்பு வந்தது. பழையதைவிடக் கொஞ்சம் பருமனாக இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து சம்புக்குள் கையை விட்டாள். பழைய பம்பு உப்புப் பூத்துப்போய் ரப்பர் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. திருகினாள், ஆட்டினாள், மொத்தமும் பிடுங்கிக்கொண்டு வந்து முகமெல்லாம் உப்புத் தண்ணீர் அடித்தது.

"ஆழம் தெரியாம கைய விட்டுட்டேன்" என்று முணுமுணுத்தாள்.

பின்னால் ஏதோ உராயும் சத்தம் கேட்டது. நாற்காலியில் இருந்த கணவர் இடது கையால் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, மெல்லச் சரிந்து தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது, விழுந்து வெச்சா யாரு தூக்கறது?"

அவர் காதில் வாங்கவில்லை. நகர்ந்து நகர்ந்து அலமாரிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குழாய் நுனியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "காப்பி" என்றார்.

"இப்பவா காப்பி?"

தலையை வேகமாக ஆட்டி மறுத்தார். குழாய் நுனியைக் காட்டி, விரல்களை ஆவி எழுவதுபோல் மேலே தூக்கினார். அவளுக்குப் புரிந்தது. வெந்நீர் கொண்டுவந்து குழாயின் நுனியை அதில் அமிழ்த்தினாள். ரப்பர் இளகியது. புதுப் பம்பின் வாயில் முறுக்கி ஏற்றி, கிளாம்பைப் போட்டு இறுக்கினாள். அவர் இடது கையால் பம்பைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு மேலே கையைக் காட்டினார். தண்ணீர் தொட்டிக்குள் விழும் குழாய் அங்கே இருந்தது. அவள் புடவைத் தோளில் குத்தியிருந்த குண்டூசியை உருவி, காற்றில் குத்திக் காட்டினார். அவள் ஸ்டூலில் ஏறிப் பார்த்தாள். குழாயில் ஒரு சின்னத் துளை, பாசி அடைத்துக் கிடந்தது. பம்பு நின்றால் அதன் வழியாகக் காற்று புகுந்து, தண்ணீர் அதே குழாயில் திரும்பிக் கீழே இறங்குவதைத் தடுக்க வேண்டும். அது அடைத்ததால்தான் வீடு நனைந்தது. ஊசியால் குத்திச் சுத்தம் செய்தாள்.

சுவிட்சைப் போட்டாள். புதுப் பம்பு முரட்டு வேகத்தில் இழுத்தது. கீழே சம்ப் வற்றி, காற்றை உறிஞ்சி உறுமியது. மேலே தண்ணீர் விளிம்பைத் தொட்டது.

"கத்தரி" என்றார் அவர். "கத்தரி, கத்தரி."

அவள் ஓடிப்போய் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "உங்களுக்கு என்னதாங்க வேணும்?" என்று அவளும் குரலை உயர்த்தினாள். அவர் இடது கையால் காற்றில் எதையோ திருகினார். குழாயின் நடுவில் வால்வு இருப்பதை அப்போதுதான் அவள் கவனித்தாள். பாதிக்குத் திருகினாள். உறுமல் அடங்கியது. மேலே நீர்மட்டம் இறங்கி நின்றது.

கொஞ்ச நேரத்தில் மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. இருவரும் ஈரத் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்கோல் அவள் மடியிலேயே கிடந்தது. அதைப் பார்த்து முதலில் சிரித்தது அவர்தான். பக்கவாதம் வந்தபின் அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை. அவளும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க ஏனோ அழுகை வந்தது. அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைக்க மேல்வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் ஓட்டல்காரரோடு வந்தார். தொட்டியைச் சுற்றி வந்து பார்த்த ஓட்டல்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் கணவரின் பக்கம் திரும்பி, தலையாட்ட வழியில்லாதபடி கேட்டாள்.

"குடுத்துடறதா, வெச்சுக்கறதா? நீங்களே சொல்லுங்க."

வெகு நேரம் உதட்டைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். கடைசியில், "வெச்சு" என்றார். அவ்வளவுதான் வந்தது.

"அண்ணி, நாளைக்கு எதுனா ரிப்பேர்னா நீங்கதான் பாக்கணும்" என்றார் கொழுந்தன்.

"பாத்துக்கறேன். மன்னிச்சுக்கங்க சார், அலைய வெச்சுட்டோம்" என்று ஓட்டல்காரருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள்.

எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது என்று சொல்ல முடியாது. பெரிய மீன் அடுத்த வாரமே செத்துப்போனது. அவருடைய வலது கை வரவே இல்லை. ஆனால் பேசாமல் இருக்கும் பிடிவாதம் விட்டுப்போனது. தப்பான சொல்லையும் தைரியமாகச் சொன்னார். அவள் ஊகித்துக் கேட்டாள், ஊகம் தப்பினால் திட்டும் வாங்கினாள். பேச்சுப் பயிற்சி தர வந்த பெண்மணி, நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் போடச் சொல்லி, மீன், பாசி, கல் என்று அங்கிருந்தே ஆரம்பித்தார்.

குளிர் குறைந்தபின் ஒருநாள் அவரை ஆட்டோவில் ஏற்றி மீன் கடைக்குக் கூட்டிப்போனாள். கடையில் அழகழகாக மீன்கள் இருந்தன. அவர் எல்லாவற்றையும் தாண்டி, மூலையில் கல்லுக்கடியில் கிடந்த ஒரு அவலட்சணமான பழுப்பு மீனைக் காட்டினார்.

"இந்த மூஞ்சியையா?" என்றாள் அவள்.

அவர் அவளையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார். "பழகிடும்" என்றார், தெளிவாக.