இரண்டு மக்கா

வாட்ஸ்அப் எங்கள் ஊருக்குள் நுழைந்த புதிது. குமரி மாவட்டத்துப் புதுக்கடை ஊருக்குப் பக்கத்தில் எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில், ஞாயிறு பூசை முடிந்ததும் பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்களுக்குப் போன் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு தலைமுறையும் கைகோத்துவிட்டது என்று பங்குத்தந்தை பிரசங்கத்தில் உருகினார். என் கையைக் கோத்தவள் ஒரு பதினொன்றாம் வகுப்புக்காரி. வந்ததுமே “பாட்டி” என்றாள்.

“ஏட்டி, எனக்குப் பேரப்பிள்ள கெடையாது. மாமின்னு கூப்பிடு.”

நான் பொழுதுபோகாமல் அங்கே போகவில்லை. என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் விழுந்து கிடந்தார். ஒரே மகன் வளைகுடாவில். எங்கள் பலசரக்குக் கடைக்கு முன்னால், சாமான் வாங்க வந்த ஆட்கள் பார்க்க, அப்பன் அவன் கன்னத்தில் அறைந்தார். அன்றைக்குப் போனவன்தான். நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. இவர் கண்ணை மூடுவதற்குள் அவன் வந்து ஒருதடவை நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

“எடுக்காண்டாம் மாமி. பேசி அனுப்பினா ஆளில்லாத நேரம் பாத்துக் கேப்பாவ,” என்றாள் அவள். அந்த வார்த்தைக்காக அவளைக் கும்பிடலாம்போல இருந்தது.

மகன் நம்பரை என்ன பேரில் போடட்டும் என்று கேட்டாள். மக்கா என்றேன். வேறென்ன சொல்வேன்? எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளையும் மக்கா, கூட்டுக்காரனும் மக்கா, மீன் விற்க வருகிறவனும் மக்கா. போன் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள் எங்கள் எல்லாரையும் சேர்த்து ஒரு குரூப் தொடங்கினார்களே, அதற்கு அவர்கள் வைத்த பெயரும் மக்கா.

அடுத்த நாள் மத்தியானம் அடுக்களையில் நின்று, மேலே தெரிந்த மக்காவை அமுக்கிப் பேசினேன். “மக்கா, அம்மையாக்கும். அப்பாக்கு வாயி ஒருபக்கம் கோணிப்போச்சு. படுக்கையிலயே எல்லாம் போகுது. அடிச்ச கையத் தடவித் தடவி அழுகாரு மக்கா. ஒருக்கா வந்து மொகத்தக் காட்டிட்டுப் போ மக்கா.”

குரூப்பில் போய் விழுந்தது. அதை அழிக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் பேச்சே ராகம்தானே. பையன்கள் அதற்கு அடியில் தாளம் போட்டு, ரிங்டோனாக்கி ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். சந்தையில் எவனோ ஒருவனின் போன் அடித்தது. என் குரல். அவன் சிரித்துக்கொண்டே எடுத்து, “சொல்லு மக்கா” என்றான். நான் மரக்கறியை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

அந்தப் பெண் வீட்டுக்கு வந்து நின்றாள். “அவனுவ தமாசுக்குத்தான் செய்தானுவ மாமி. எல்லாருக்கும் உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு.” நாலுபேருக்குப் பிடித்துவிட்டால் போதும், பாவம் தீர்ந்துவிடும் அவர்களுக்கு. வெளியே போ என்றேன்.

பிறகு மகன் கூப்பிட்டான். இவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். பெயரைப் பார்த்ததும் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எடுத்தேன்.

“ரூம்ல எல்லாவனும் உங்க குரல்ல என்னக் கூப்பிடுகானுவ. அப்பா கடைக்கு முன்ன வச்சு அடிச்சாரு. நீங்க ஊர் உலகத்துக்கு முன்ன வச்சு அடிச்சிட்டிய. நான் வரமாட்டேன். இந்த நம்பரும் இனி இருக்காது.”

கைதவறிக் குரூப்புக்குப் போய்விட்டது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டான்.

“யாருட்டி? அவனா?” இவருக்கு நாக்குத்தான் குழறும், காது நன்றாகவே கேட்கும்.

“போன் கம்பெனிக்காரன். போன்ல பாட்டு வைக்கணுமான்னு கேக்கான்.”

கஞ்சியை விழுங்கினார். “இனி அடிச்சா எங்கிட்டத் தா. அவனாட்டு இருந்தா?”

போனை அவர் தலையணைக்கு அருகிலேயே வைத்தேன். அது அடிக்கத்தான் செய்தது. ஒவ்வொருதடவையும் எடுத்து அவர் காதில் வைத்தேன். பாட்டு வைக்கச் சொல்லும் அந்தப் பதிவுக்குரல் முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு, “மக்கா, சாப்பிட்டியா?” என்று கேட்பார்.